குறிப்பேட்டுக்கு மாத வாடகை கட்டலாமா?

போன இதழின் கடைசியில், குறிப்பெடுக்கும் செயலிகளுக்குக் காசு கொடுக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். கொடுக்கிறவர்களைவிட, கொடுக்கலாமா வேண்டாமா என்று மதில்மேல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கணினிப் படிப்புப் படித்தவள் இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வைத்த பொருள் கேட்டபோது கைக்கு வருகிறதா என்று மட்டும்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். செயலியையும் அப்படித்தான் பார்ப்பேன்.

கேள்வி: அக்கா, பத்து வருடத்துக்கு மேலாக என் அலுவலகமே எவர்நோட்டில்தான் இருக்கிறது. தீர்ப்புச் சுருக்கம், வாய்தா தேதி, கட்சிக்காரர் சொன்னது, பத்திர நகல் என்று எல்லாம் ஆயிரக்கணக்கில். ஒரு பைசா கட்டியதில்லை. இப்போது புதிதாக ஒரு குறிப்புகூடப் போட முடியவில்லை, சந்தா கட்டச் சொல்கிறது. கட்டிவிடட்டுமா, காலி செய்துகொண்டு கிளம்பட்டுமா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: தம்பி, முதலில் பதறாதீர்கள். உங்கள் கட்டுகளை யாரும் பூட்டி வைக்கவில்லை. இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் (குறிப்புகளைப் போட்டு வைக்கும் கட்டு) என்று 2023 டிசம்பரில் வரம்பு போட்டார்கள். அதை ஏற்கெனவே தாண்டியிருந்தவர்கள் பழைய குறிப்புகளைப் பார்க்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாகச் சேர்க்க மட்டும் முடியாது. ஆகவே நாளைக் காலைக்குள் முடிவெடுக்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

இது திடீரென்று வந்த இடியும் இல்லை. 2008-ல் யானைச் சின்னத்தோடு பொதுமக்களுக்கு வந்தது எவர்நோட். 2016-ல் இலவசக்காரர்கள் கணினி, கைபேசி என்று இரண்டே கருவிகளில்தான் பயன்படுத்தலாம் என்று சுருக்கினார்கள். 2023 ஜனவரியில் இத்தாலியின் மிலான் நகரத்து பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்க ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டு வேலையை ஐரோப்பாவுக்கு மாற்றினார்கள். தனிநபர் சந்தா அமெரிக்காவில் அப்போது ஆண்டுக்கு 129.99 டாலர் ஆனது. வீடு கைமாறினால் வாடகை ஏறும். கோபப்படலாம், ஆனால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். எத்தனை குறிப்பு வைத்திருக்கிறீர்கள் என்பது கணக்கே இல்லை. ஒருவரும் எடுக்காத புத்தகம் அலமாரியில் எத்தனை இருந்தால் என்ன? எத்தனை தடவை தேடி எடுத்தீர்கள் என்பதுதான் கணக்கு. கேஸ் கட்டின் மேல் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம், பழைய குறிப்பைத் தேடும் ஒவ்வொரு முறையும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எதைத் தேடினீர்கள், கிடைத்ததா, அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். “ஜூனியரை லைப்ரரிக்கு அனுப்பியிருப்பேன்” என்றால் அந்தக் குறிப்புக்கு விலை உண்டு. “கூகுளில் போட்டாலே வந்திருக்கும்” என்றால் அதற்கு விலை கிடையாது, அழித்தாலும் நஷ்டமில்லை.

ஆண்டுச் சந்தா 6,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன்; உங்கள் திரையில் காட்டும் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஐந்து முறை உருப்படியாக ஏதாவது கிடைக்கிறதென்றால் ஆண்டுக்கு 260 முறை. ஒரு தடவைக்கு 23 ரூபாய். நீதிபதி முன்னால் நின்றுகொண்டு தேடும்போது அந்த 23 ரூபாய் பெரிதே இல்லை, தாராளமாகக் கட்டுங்கள். மாதத்துக்கு ஒரு முறைதான் என்றால் தடவைக்கு 500 ரூபாய் ஆகிறது. அப்போது கிளம்பிவிடுங்கள்.

கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும். கணினியில் எவர்நோட்டைத் திறந்து (கைபேசியில் இது நடக்காது), ஒவ்வொரு நோட்புக்காக ஈ.என்.இ.எக்ஸ். (எவர்நோட்டின் சொந்தக் கோப்பு வகை) கோப்பாக வெளியேற்றுங்கள். அந்தக் கோப்பை அப்படியே நோட்பேடில் திறந்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது; இணைப்புப் படங்கள், பிடிஎஃப் எல்லாம் எழுத்துக் குவியலாக உள்ளே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஜோப்ளின் என்ற இலவசச் செயலியைக் கணினியில் நிறுவி அதில் இறக்கிப் பாருங்கள். இறக்கியபின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இருபது குறிப்பைத் திறங்கள். பத்திர நகல் தெரிகிறதா, அட்டவணை கோணாமல் இருக்கிறதா, குறிச்சொற்கள் கூடவே வந்திருக்கின்றனவா, ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போட்டிருந்த இணைப்பு அறுந்துபோயிருக்கிறதா? கடைசியாகச் சொன்னது அடிக்கடி அறுந்துபோகும். போகும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு சந்தா கட்டினால், அது விருப்பப்பட்டுக் கட்டுவது. தெரியாமல் கட்டினால் பயந்து கட்டுவது. மே மாதக் கோடை விடுமுறையில் கோர்ட் மூடியிருக்கும்போது வருடம் தவறாமல் இதைச் செய்துவிடுங்கள்.

தொழில் சம்பந்தமாக இன்னொன்று. கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் கடமை உங்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது. எவர்நோட்டில் ஒரு குறிப்பிலுள்ள சில வரிகளைத் தேர்ந்தெடுத்துப் பூட்டலாமே தவிர, மொத்தக் கணக்கும் உங்களுக்கு மட்டுமே புரியும்படி பூட்டப்படுவதில்லை. 2016 டிசம்பரில், கணினி தானாகக் கற்றுக்கொள்ளும் நுட்பம் (மெஷின் லேர்னிங்) சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஊழியர்கள் சில குறிப்புகளைப் படிக்கக்கூடும் என்று கொள்கையை மாற்றப் போய், எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். கட்சிக்காரர் சொன்னதை மட்டுமாவது வேறு இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பேரன் என் கணினியில் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். தினமும் டைரி எழுதுகிறேன். முழுக்க இலவசம் என்கிறான். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் நான். இலவசம் என்றாலே எங்கே பிடிப்பார்கள் என்றுதான் பார்ப்பேன். எங்கே பிடிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கோவை

பதில்: நல்ல கேள்வி சார். ஒருவன் எங்கே சம்பாதிக்கிறான் என்று தெரியாத இடத்தில் நம் பொருளை வைக்கக் கூடாது. இவர்கள் சம்பாதிக்கும் இடம் தெளிவாகவே இருக்கிறது. கணினி, கைபேசி இரண்டிலும் ஒரே டைரி தெரிய வேண்டுமென்றால் ‘சிங்க்’ என்ற சேவைக்குப் பணம். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் அடிப்படைத் திட்டம் மாதம் 4 டாலர், அதாவது வருடம் 48. டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 4,320. அதற்கு மேல் வரி, கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று வங்கிக்காரர்கள் பிடிப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்புகளை வலைத்தளமாக வெளியிட வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். அலுவலக வேலைக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் விருப்பம்போல் என்று ஆக்கிவிட்டார்கள். ஷிடா லீ, எரிக்கா சூ என்ற இரண்டு பேர் 2020-ல் தொடங்கியது. இன்னும் சின்னக் குழுதான்.

ஒரே கணினியில் டைரி எழுதும் உங்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. கோப்புறையைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு நாளும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறக்கும். கம்பெனி நாளை கதவைச் சாத்தினாலும் டைரி உங்கள் வட்டில்தான் இருக்கும்.

ஆனால் அந்த வட்டு செத்துப்போனால்? அங்கேதான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். காப்புப் பிரதி எடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. பணம் வாங்காதவன் அதைச் செய்து தர மாட்டான். மாதக் கடைசியில் கணக்கு முடித்தே பழகிய ஆள் நீங்கள், அன்றைக்கே ஒரு பென்டிரைவில் கோப்புறையை நகல் எடுத்து பீரோவில் போட்டுவிடுங்கள். கைபேசியிலும் வேண்டும் என்று எப்போதாவது ஆசை வந்தால் உடனே 4,320 ரூபாயை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவைக் கொண்டு அப்சிடியனை ஒத்திசைக்க நேர்வழி கிடையாது, சுற்றி வளைக்க வேண்டும், பேரன் ஊருக்குப் போனபின் அது உங்களைப் படுத்தும். ஜோப்ளின் என்றால் ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் வழியாகக் காசில்லாமலேயே இரண்டு பக்கமும் வந்துவிடும்.

கேள்வி: மகன் குரூப் 1 தேர்வுக்கு வீட்டிலிருந்து படிக்கிறான். நோஷனுக்குச் சந்தா கட்டினால்தான் ஒழுங்காகக் குறிப்பெடுக்க முடியும், ஏ.ஐ. சுருக்கித் தரும் என்கிறான். அவன் அப்பா என்னைக் கேள் என்கிறார். நான் உங்களைக் கேட்கிறேன்.
– இல்லத்தரசி, சேலம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இப்போதைக்கு.

ஒரு ஆள் தனியாகக் குறிப்பெழுத நோஷனின் இலவசத் திட்டமே தாராளம். முன்பு ஆயிரம் ‘பிளாக்’ (ஒரு பத்தி, ஒரு படம் என்று ஒவ்வொன்றும் ஒரு பிளாக்) என்று ஒரு வரம்பு இருந்தது. 2020 மே மாதத்தில் தனிநபர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இலவசத்தில் கையைக் கடிப்பது இரண்டுதான். ஒரு கோப்பு 5 எம்.பி.க்கு மேல் ஏற்ற முடியாது. ஒரு பக்கத்துக்குள் மாற்றியதைப் பழையபடி திரும்ப எடுக்க ஏழு நாள்தான் அவகாசம். பள்ளிப் பாடப்புத்தக பிடிஎஃப்களை அதில் ஏற்ற முயன்றிருப்பான், முடியாமல் போயிருக்கும். அதையெல்லாம் கூகுள் டிரைவில் போட்டு, நோஷனில் இணைப்பை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள்; டிரைவில் 15 ஜி.பி. சும்மா கிடக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி இன்னும் உயிரோடிருந்தால், மாணவர்களுக்கு பிளஸ் திட்டத்தையே இலவசமாகத் தருகிறார்கள். அதைக் கேட்டாரா துரை?

என் சந்தேகம் வேறு. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். மேலே ஒரு மலைப் படம், அதன் கீழே ‘தினசரி இலக்கு’ என்று அட்டவணை, பாடத்துக்கொரு வண்ணம், வாரத்துக்கொரு வளையம், எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஒரு பட்டை. இதைச் செய்யவே அவனுக்கு இரண்டு மூன்று இரவு போயிருக்கும். நோஷனின் வசீகரமும் இதுதான், வியாதியும் இதுதான். திட்டாமல் ஒன்று கேளுங்கள்: “தம்பி, போன மாசம் படிச்சியே, பஞ்சாயத்து ராஜ், 73-வது திருத்தம், அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டு.” அரை நிமிடத்தில் எடுத்து, அதைப் பார்க்காமல் நாலு வார்த்தை சொன்னான் என்றால் பிள்ளை உருப்படியாகப் படிக்கிறான், சந்தாவே தேவைப்படாது. எடுக்கத் தெரியாமல் பக்கம் பக்கமாகத் தாவினான் என்றால் சந்தா கட்டினாலும் தேறாது.

ஏ.ஐ. சுருக்கம் பற்றி: முதன்மைத் தேர்வில் பதிலை அவன் கையால் எழுத வேண்டும். பாடத்தைச் சுருக்குவதுதானே படிப்பு? அதைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்தால் தேர்வு மண்டபத்துக்கு அந்த ஆள் வர மாட்டான்.

மின்சாரம், இணையம் அடிக்கடி போகிற வீடு என்றால், முக்கியமான பக்கங்களை இணையம் இல்லாமல் திறக்கும்படி முன்கூட்டியே குறித்து வைக்கச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில்தான் நோஷனுக்கு அந்த வசதியே வந்தது.

கேள்வி: மளிகைப் பட்டியல், சிலிண்டர் புக்கிங் நம்பர், சம்பந்தி வீட்டு முகவரி, சமையல் குறிப்பு. கூகுள் கீப் போதுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: போதும். பத்துப் பைசா செலவழிக்காதீர்கள். சொந்தச் சமையல் குறிப்பு இருந்தால் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை, நம் தரவுகளை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் ‘டேக்அவுட்’ வழியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் எதையும் எப்போது வேண்டுமானாலும் மூடும். கூகுள் நோட்புக் என்று ஒன்று இருந்தது, 2012-ல் போய்விட்டது. கீப் பிறந்ததே 2013 மார்ச்சில். வலைத்தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடரை மூடப்போவதாக அறிவித்ததும் அதே மார்ச்சில்தான்!

கேள்வி: ஊர் ஊராகப் போய் நாட்டார் பாடல்களும் வேளாண்மைச் சொற்களும் சேகரிக்கிறேன். காசு கட்டும் செயலிதான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ‘குளம்’ என்று தேடினால் பாதி வருவதில்லை. இன்னும் விலை கூடிய செயலி வாங்கினால் தமிழ்த் தேடல் சரியாக இருக்குமா, மேடம்?
– ஆய்வு மாணவி, புதுக்கோட்டை

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் பகுதி எழுதலாம் என்று தோன்றியது. விலை கூடினால் தமிழ் கூடாது, மகளே. இந்த நிறுவனங்கள் தேடலை ஆங்கிலத்தை மனதில் வைத்துக் கட்டியிருக்கின்றன. தமிழுக்கு அது எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கிறது என்பதைக் காசு கட்டும் முன் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

நாலு புதுக் குறிப்புகளில், குறிப்புக்கு ஒரு வரியாக, இவற்றை அடியுங்கள்: “குளத்தில் தண்ணீர் இல்லை. குளக்கரையில் பனை. குளங்களைத் தூர்வாரினார்கள். பெரியகுளத்துக்காரர் சொன்னது.” இப்போது ‘குளம்’ என்று தேடுங்கள். ஒன்றுகூட வராது. வர முடியாது, நாலு வரியிலும் ‘ம்’ இல்லை. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வால் மாறிவிடுகிறது. செயலிக்கு அது தெரியாது. அடுத்து ‘குள’ என்று தேடுங்கள். முதல் மூன்றும் வந்தால் சுமாரான தேடல். பெரியகுளத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் நாலாவதும் வந்தால் நல்ல தேடல். அப்சிடியன் நாலையும் எடுக்கும், எழுத்துத் தொடர் எங்கே இருந்தாலும் பிடித்துவிடும். எவர்நோட்டில் சொல்லின் முன்பகுதியை அடித்துப் பின்னால் நட்சத்திரக் குறி போடலாம், முன்னால் போட முடியாது. ஆகவே பெரியகுளம் அகப்படாது. ஒன்று ஓசி, ஒன்று காசு. நமக்கு உதவுவது ஓசி.

அடுத்த சோதனை இன்னும் நுணுக்கமானது. ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளை யூனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான கணினி எழுத்துக் குறியீட்டு முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தெரியாத செயலியில் ‘கொழு’ என்று தேடினால், நீங்கள் கைபேசியில் அடித்தது வரும், பழைய கோப்பிலிருந்து மாற்றி ஒட்டியது வராது. எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த பழைய தரவுகளில் இது அடிக்கடி நடக்கும். உங்கள் துறையில் மூத்தவர்கள் கொடுத்த கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். யூனிகோடைத் தரமாகத் தமிழக அரசு அறிவித்தது 2010-ல்தான். அதற்கு முந்தைய எத்தனையோ பேருடைய கள ஆய்வு இப்போதும் அப்படித்தான் வட்டுகளில் கிடக்கிறது. மாற்றியதும் ‘கொழு’, ‘தொழு’, ‘மோட்டை’ என்று நாலு சொல்லைத் தேடிச் சரிபார்த்துவிடுங்கள்.

கையெழுத்துக் குறிப்பைப் படமெடுத்தால் அதிலுள்ள எழுத்தையும் தேடித் தரும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதையும் நம்பி வாங்காதீர்கள். ஒரு தமிழ் ரசீது, உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம், இரண்டையும் இலவசச் சோதனைக் காலத்தில் படமெடுத்துப் போட்டுத் தேடுங்கள். வந்தால் பிறகு பேசலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதற்காகத்தான் நாங்கள் ஒவ்வொரு நூலுக்கும் பொருள் தலைப்புக் கொடுத்தோம். நூலின் தலைப்பில் குளம் என்ற சொல்லே இருக்காது, ‘கண்மாய்’ என்றிருக்கும், ‘ஊருணி’ என்றிருக்கும். ஆனால் ‘நீர்நிலை’ என்ற தலைப்பின் கீழ் மூன்றும் வந்து உட்காரும். இதை எந்தச் செயலியும் உங்களுக்காகச் செய்து தராது. புதுக்கோட்டையில் ஒரு பாட்டி ‘ஏந்தல்’ என்று சொன்னதை நீர்நிலை என்று அடையாளம் காண உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் நாலைந்து குறிச்சொற்கள்: நீர்நிலை, உழவுக் கருவி, ஒப்பாரி, நடவுப் பாட்டு, ஊர்ப் பெயர். மொத்தம் எத்தனை குறிச்சொற்கள் என்று ஒரு தனிப் பட்டியல் வைத்து, அதைத் தாண்டாதீர்கள்; இன்றைக்கு ‘நீர்நிலை’ நாளைக்கு ‘நீர்நிலைகள்’ என்று போட்டால் எல்லாம் பாழ். இது வந்துவிட்டால் மிகச் சாதாரணச் செயலியே போதும்.

ஒலிப்பதிவுகளை மறந்துவிடாதீர்கள். அப்சிடியன் சிங்கின் அடிப்படைத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 எம்.பி.யைத் தாண்டக் கூடாது, மொத்தம் 1 ஜி.பி. சாதாரணத் தரத்தில், அதாவது 128 கே.பி.பி.எஸ்.ஸில் பதிவு செய்தால் 5 எம்.பி. என்பது ஐந்து நிமிடம் சொச்சம். எந்த ஒப்பாரி ஐந்து நிமிடத்தில் முடியும்? ஒலிக்கு ஒரு வெளி வட்டு வாங்குங்கள். முடிந்தால் இரண்டு. சந்தாவுக்கு வைத்திருந்த காசை அதில் போடுங்கள். ஒன்று விடுதியில், ஒன்று ஊரில்.

கேள்வி: ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க என்று ஒரு குறிப்புச் செயலி விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– சிறுதொழில் முனைவோர், ஓசூர்

பதில்: யாருடைய ஆயுள் என்று கேட்டீர்களா? கேட்ச் என்ற குறிப்புச் செயலி 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014 ஜூனில். இரண்டுமே ஒரு காலத்தில் எவர்நோட்டுக்குப் போட்டி என்று பேசப்பட்டவை. எவர்நோட்டின் ஃபில் லிபின் நூறாண்டு நீடிக்கும் நிறுவனம் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2015-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து அவரே இறங்கிவிட்டார். ரோம் ரிசர்ச் என்ற குறிப்புச் செயலி 500 டாலருக்குத் திட்டம் போட்டபோது, ஐந்து வருடத்துக்கு என்று காலத்தைத் தெளிவாகச் சொல்லியாவது விற்றார்கள்.

ஆயுள் விலையை அதே செயலியின் ஓராண்டு விலையால் வகுங்கள். விடை மூன்றுக்குள் இருந்தால், கோப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும் என்றால், வாங்குங்கள். மூன்றைத் தாண்டினால் வேண்டாம். இந்த மூன்று என் சொந்த அளவுகோல்தான், சாஸ்திரம் இல்லை.

கேள்வி: ‘ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும், இதற்கெல்லாமா காசு?’ என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அவருடைய நோட்டில் பக்க எண் போட்டிருக்கிறாரா, கடைசிப் பக்கத்தில் எது எங்கே என்று பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் காகிதச் சீட்டிலேயே காலம் தள்ளியவர். பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1998-ல் இறந்தார். ஏறத்தாழ 90,000 சீட்டுகள், மரப் பெட்டிகளில். ஒவ்வொரு சீட்டுக்கும் எண், எந்தச் சீட்டிலிருந்து எந்தச் சீட்டுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, மேலே ஓர் அகரவரிசை. இப்போது செயலிக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் சந்தா விற்கிறார்கள். அவர் கட்டிய சந்தா பூஜ்யம்.

பட்டியல் இல்லையென்றால், ‘போன வருஷம் பிளம்பர் நம்பர் எழுதினீங்களே, எங்கே?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ஆதார் எண், ஏடிஎம் பின், எல்லா பாஸ்வேர்டும் ஒரே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பணம் கட்டும் கணக்குதான். பாதுகாப்புதானே?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. பணம் கட்டுவதால் குறிப்பு பூட்டப்படுவதில்லை. பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன் மாதிரித் தனிச் செயலி, இலவசத் திட்டமே போதும். ஆதார் டிஜிலாக்கரில் இருக்கட்டும். பின் எண் மனதில் இருக்கட்டும், எங்கேயும் எழுத வேண்டாம். மற்ற அந்தரங்கக் குறிப்புகளுக்கு ஜோப்ளினில் முழுப் பூட்டு வசதி உண்டு, நீங்களாகப் போய் இயக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் நோட்ஸில் அது முதலிலிருந்தே இயங்கும். பழைய குறிப்பை அழித்ததும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், அதோடு பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு குறிப்புச் செயலியைப் போட்டேன். பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே கைபேசியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனாலும் வருடச் சந்தா முழுவதும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இது எப்படி?
– தையல் கடை நடத்துபவர், ஈரோடு

பதில்: செயலியை அழிப்பதும் சந்தாவை நிறுத்துவதும் வேறு வேறு. இலவச நாள் தொடங்கும்போதே தானியங்கிக் கட்டணத்துக்கு நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சம்மதம் செயலியோடு அழியாது. இப்படி எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, 2021 அக்டோபர் முதல் நடைமுறையில். 15,000 ரூபாய் வரைக்கும் ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். அந்த முன்தகவல் உங்கள் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்து, லோன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இனிமேல் எந்தச் செயலியையும் பிளே ஸ்டோர் வழியாகச் சோதித்துப் பார்ப்பதானால், இலவசம் தொடங்கிய அன்றைக்கே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். மீதி இலவச நாட்கள் அப்படியே இருக்கும், பறித்துக்கொள்ள மாட்டார்கள்.

போன பணத்துக்கு: பிளே ஸ்டோரில் வாங்கினீர்களா, அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் கார்டு போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. பணம் கழிந்த செய்தியில் கூகுள் பெயர் இருந்தால் பிளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ரத்து செய்து, அங்கேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிந்தப் பிந்த வாய்ப்புக் குறையும், இதைப் படித்ததும் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரே இருந்தால் அவர்கள் தளத்தில் உள்ளே நுழைந்துதான் நிறுத்த வேண்டும், கூகுளால் ஒன்றும் செய்ய முடியாது. யுபிஐ வழியாகப் போயிருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற இடத்தில் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கும். அதையும் ரத்து செய்தால்தான் அடுத்த வருடம் எடுக்காமல் இருப்பார்கள்.